எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ‘வரட்டுமா?’

நான் அடுத்தவர் கணினியை எட்டிப் பார்க்கிற ஆள் இல்லை. வாசனா தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டால் அவளுடைய திரை தெருவுக்கு முகத்தைக் காட்டும். அதற்கு நான் என்ன செய்ய? எதிரே என் சோயாப் பால் கடை. பால் பொங்கி வருகிறவரை ஒரு மனுஷி எங்கேதான் பார்ப்பாள்? பக்கத்துத் தையல்கடை அருணீ கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பாள். நான் கண்ணாடி இல்லாமல் பார்ப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே தாய்லாந்தின் த்ராங் நகரில் எங்கள் சந்தில் குடியிருக்கும் எல்லோருக்கும் வாசனாவின் மின்னஞ்சல் பெட்டியில் முதல் வரி என்ன என்று தெரியும். அனுப்பியவர்: தவின். தலைப்பு: வரட்டுமா? தேதியில் வருஷம் 2553.

2553 என்பது எங்கள் ஊர்க் கணக்கு, புத்தர் பெயரால் எண்ணுகிற வருஷம். வெளியுலகத்துக்கு அது 2010. தவின் கப்பலில் எஞ்சின் பார்க்கிறவன். கொரியாவின் பூசான் துறைமுகத்தில் கப்பல் பழுதாகி நின்றபோது, அங்கே நம் ஊர்க்காரர் ஒருவர் நடத்திய இணையக் கடையில் உட்கார்ந்து அந்த மடலை எழுதியிருக்கிறான். கடைக்காரருக்கு ஊர்ப்பற்று கொஞ்சம் அதிகம். தன் கணினிகளும் நம் வருஷத்தைத்தான் எழுத வேண்டும் என்று ஏதோ செய்து வைத்திருந்தார். அது மடலின் தலையில் 2553 என்று பொறித்து அனுப்பிவிட்டது. வாசனாவிடம் இருக்கும் அஞ்சல் நிரலுக்குக் ‘கொக்கு’ என்று பெயர். பாங்காக்கில் யாரோ நாலைந்து பேர் சேர்ந்து செய்தது. செய்தவர்கள் நம் ஆட்கள்தான், ஆனால் கொக்குக்குத் தெரிந்தது வெளியுலகக் கணக்கு மட்டும். ஐந்நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து வரவேண்டிய மடல் இப்போதே வந்துவிட்டதே என்று நினைத்து, அதைத் தூக்கி எல்லாவற்றுக்கும் மேலே உட்காரவைத்தது. அப்புறம் வந்த மடல் அத்தனையும் அதற்குக் கீழேதான். ரப்பர் ஏற்றுமதிக்காரர்கள், விசா அலுவலகங்கள், விமானச் சீட்டுக்காரர்கள், வங்கி என்று யார் எழுதினாலும் தவினுக்குக் கீழே.

வாசனாவுக்கு வேலையே மடல்தான். ஊரில் ஆங்கிலமும் சீனமும் எழுத வராத வியாபாரிகளுக்கெல்லாம் அவள்தான் எழுதிக் கொடுப்பாள். அடுத்தவர் கேள்விக்கெல்லாம் அன்றன்றைக்கே பதில் போட்டுவிடுவாள், அதில் அவளுக்குப் பெருமை உண்டு.

தவினும் அவளும் கல்யாணம் வரைக்கும் பேசி வைத்திருந்தவர்கள். நாள் பார்க்கப் போகிற சமயத்தில் அவன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கப்பல் ஏறிவிட்டான். வழியில் எங்கெங்கேயோ இருந்து மன்னிப்புக் கேட்டு எழுதினான். கடைசியாக எழுதியது இதுதான். நான் ஒருநாள் பால் கொடுக்க உள்ளே போனபோது அது திறந்து கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டா பால் கொடுக்க முடியும்? ‘இங்கேயே ஒரு பட்டறையில் வேலை தருகிறேன் என்கிறார்கள். நீ வா என்று சொன்னால் ஊருக்கு வந்துவிடுகிறேன். சொல்லாவிட்டால் இங்கேயே இருந்துவிடுகிறேன். வரட்டுமா?’ அவ்வளவுதான். கீழே பெயர்கூட இல்லை.

அவள் வா என்று எழுதியிருப்பாள், அவன் ஏமாற்றிவிட்டான் என்றுதான் சந்து முழுக்க நம்பிக்கொண்டிருந்தோம். அருணீ கணக்குப்படி அவனுக்கு அங்கே ஒரு கொரியாக்காரி. என் கணக்குப்படி கடலில் போய்விட்டான். என் கணக்கு கொஞ்சம் மரியாதையானது.

இந்தக் கதையில் இன்னொரு ஆள் மானோப். சந்து முனையில் கணினி பழுது பார்க்கிறவன். மனைவி பிரிந்து போய் வெகுகாலம் ஆகிறது. தினம் காலையில் என் கடையில் பால் குடித்துவிட்டு நேரே எதிர்ப்பக்கம் போய், “கம்ப்யூட்டர் ஒழுங்கா ஓடுதாங்க?” என்று கேட்பான். தினமும் விசாரிக்கிற அளவுக்கு எந்தக் கணினியும் கெட்டுப்போவதில்லை. சந்தில் தன்னைவிட மூத்த எல்லாப் பெண்களையும் அக்கா என்று கூப்பிடுகிறவன், வாசனா இரண்டு வயது மூத்தவள் என்றாலும் அவளை மட்டும் பெயர் சொல்லி, ‘ங்க’ போட்டுப் பேசுவான். அருணீ சிரித்துக்கொண்டே ஊசியில் நூல் கோர்ப்பாள்.

ஊரே இறைச்சியை விட்டுவிடும் சைவ விழா தொடங்கிய வாரத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. தெருவெல்லாம் மஞ்சள் கொடி, ஊரே வெள்ளைச் சட்டை. காலையில் வறுத்த பன்றி இல்லாமல் எழுந்திருக்கத் தெரியாத எங்கள் ஊர்க்காரர்கள் சோயாப் பாலுக்கு வரிசையில் நின்றார்கள். எனக்குத் தலை நிமிர நேரமில்லை. இருந்தாலும் நிமிர்ந்தேன். வாசனாவின் திரையில் பெரிய கட்டமாக ஓர் அறிவிப்பு வந்திருந்தது. கொக்கின் புதிய பதிப்பு தயார்.

வாசனா அந்த அறிவிப்புகளை முழுக்கப் படிக்கிறவள். வேறு யாராவது படிப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். அன்றைக்குப் படித்தவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். தெருவைக் கடந்து என் கடைக்கு வந்தாள். வரிசையில் நின்ற மானோப்புக்கு நேரே நின்றாள்.

“உங்க பேரு போட்டிருக்கான்,” என்றாள்.

“எதுலங்க?”

“கொக்குல. உள்ள வந்து படிங்க.”

மானோப் போனான். பாலை அருணீயிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நானும் போனேன். அவள் கெட்டிக்காரி, அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே வந்துவிட்டாள்.

திரையில் புதிய வசதிகள் என்று ஒரு பகுதி இருந்தது. கண் கூசாத கறுப்புத் திரை. அனுப்பிய மடலை அரை நிமிஷத்துக்குள் திரும்பப் பெறும் வசதி. அடுத்து, சரிசெய்த கோளாறுகள். கையெழுத்தில் பூப்படம் வைத்தால் நிரல் உறைந்துபோவது சரிசெய்யப்பட்டது. நீளமான பெயர்கள் பாதியில் வெட்டுப்படுவது சரிசெய்யப்பட்டது. அதற்கும் கீழே: ‘தேதியில் நம் நாட்டு வருஷம் பதிந்த மடல்கள் எப்போதும் பட்டியலின் உச்சியில் நின்றுவிடும் கோளாறு சரிசெய்யப்பட்டது. இனி அவை அவற்றுக்குரிய இடத்தில் இருக்கும். தெரிவித்து உதவிய த்ராங் மானோப் அவர்களுக்கு நன்றி.’

“அடப்பாவி,” என்றாள் அருணீ. “பேப்பர்லயே பேரு வந்த மாதிரி.”

மானோப்பின் காது சிவந்துவிட்டது. “கோளாறுன்னா சொல்லத்தானேங்க வேணும். என் தொழில் அது.”

“என் கம்ப்யூட்டர்ல கோளாறுன்னு நான் உங்ககிட்ட சொன்னேனா?”

“இல்ல.”

“தினம் வந்து கேட்டீங்கல்ல, ஒழுங்கா ஓடுதான்னு. நான் என்ன சொன்னேன்?”

“ஒழுங்கா ஓடுதுன்னு சொன்னீங்க.”

“அப்புறம்?”

கறுப்புத் திரை நல்ல வசதி, கண் எரியாது என்று ஏதோ முனகினான். வாசனா அறிவிப்பை மூடினாள். தவின் மறுபடி உச்சியில் தெரிந்தான்.

“நான் இத மாத்தப் போறதில்ல,” என்றாள்.

“மாத்தாம இருக்க முடியாதுங்க,” என்றான் மானோப், மெதுவாக. “கடைசி வரியப் படிச்சீங்களா? இந்த மாசத்தோட பழைய வெர்ஷன் நின்னுபோயிரும். பாதுகாப்பு முறைய மாத்திட்டாங்களாம். பழசுல இனிமே மெயில் வரவும் வராது, போகவும் போகாது.”

“வராட்டி போகட்டும்.”

“அவரு எழுதினாக்கூட வராது,” என்றான் மானோப்.

இந்த ஒரு வாக்கியத்தை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்ன பிறகு வாசனா எங்கள் மூன்று பேரையும் பார்த்து, “எல்லாரும் வெளியில போங்க. கிம்லாங் அக்கா, நீங்களுந்தான்,” என்றாள். என் முழுப்பெயரை அவள் சொன்னது அன்றைக்குத்தான்.

கைபேசியில் பார்த்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். கொக்கு பழைய காலத்து வழக்கப்படி மடல்களைக் கணினிக்குள் இறக்கிவிட்டு, வெளியே இருப்பதைத் துடைத்துவிடுமாம். தவினுடைய மடல் உலகத்தில் அந்த ஒரே பெட்டிக்குள்தான் இருந்தது.

விழா நாட்கள் போய்க்கொண்டிருந்தன. தினமும் அறிவிப்புக் கட்டம் வரும், ‘பிறகு’ என்பதை வாசனா அழுத்துவாள். மானோப் பால் குடித்துவிட்டு எதிர்ப்பக்கம் போகாமல் தன் கடைக்குத் திரும்பினான். அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மாதக் கடைசி நெருங்கிய ஒரு மத்தியானம், கூட்டம் ஓய்ந்திருந்தது, ஒரு கிண்ணத்தில் பொரித்த டோஃபு எடுத்துக்கொண்டு நான் வாசனாவிடம் போனேன். சமாதானத்துக்குத்தான். கொஞ்சம் விசாரிக்கவும்தான்.

“இங்க பாரு வாசனா, அந்த மெயில தனியா எடுத்து வைக்க முடியாதா? பிரிண்ட் போட்டு வையேன். மேல குத்தி வைக்கிற வசதிகூட இருக்காமே. மானோப் சொன்னான்.”

“குத்தி வச்சா நான் வச்ச மாதிரி இருக்கும்க்கா.”

“இப்ப மட்டும்?”

“இப்ப அதுவா வந்து நிக்குது. தினம் காலையில திறந்தா புதுசா வந்த மெயில் எதுன்னா அதுதான். இப்பத்தான் வந்திருக்கு. அப்ப இன்னிக்கு பதில் போடாட்டி நாளைக்கு போடலாம்.”

டோஃபு என் கையிலேயே இருந்தது. “என்னது? நீ பதில் போடலையா?”

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

சந்து முழுக்கப் பதினைந்து வருஷமாகத் திட்டித் தீர்த்த தவினை அப்போது நினைத்துக்கொண்டேன். நான் கடலில் முக்கிக் கொன்றதையும் நினைத்துக்கொண்டேன்.

“போகும்போது என்னைக் கேட்டாரா?” என்றாள் வாசனா. “வர்றதுக்கு மட்டும் என்ன கேள்வி வேண்டிக்கிடக்கு? வரணும்னு இருந்தா வந்து வாசல்ல நிக்கட்டும்னு முதல் வாரம் எழுதல. அடுத்த வாரம் கோபம் கொஞ்சம் கொறஞ்சுது. எழுதலாம்னு திறந்தேன். மேலேயே இருந்துச்சு. அவசரம் ஒண்ணுமில்ல, மேலதானே இருக்குன்னு ரப்பர்காரங்களுக்கு எழுதப் போயிட்டேன். அப்படியே...”

“அப்படியே பதினஞ்சு வருஷம்.”

“ஒவ்வொரு நாளும் ஒரு நாள்தான்க்கா லேட்டு,” என்றாள். “இப்ப இந்த மானோப் அதக் கீழ இறக்கிவிட்டா, 2010-ல போய் உக்காந்துக்கும். எத்தனை ஆயிரம் மெயிலுக்குக் கீழ! அங்க போயி நான் எப்படி பதில் எழுதுவேன்? எந்த முகத்த வச்சிக்கிட்டு?”

டோஃபுவை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அருணீ கேட்டதற்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம்தான் சொன்னேன்.

அருணீயிடம் சொன்னது மானோப்பின் காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்பது சந்துக்கே தெரியும். மறுநாள் அவன் பால் குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

“எனக்குத் தெரியாதுக்கா,” என்றான். “அந்த ஆளு வரேன்னு சொல்லி ஏமாத்திட்டுப் போனவன், அவன் பேரு இவங்க தலைக்கு மேல இப்படி நிக்குதேன்னுதான்... கீழ போனா ஒருவேளை இவங்க திரும்பிப் பாப்பாங்கன்னு நெனச்சேன்.”

“யாரத் திரும்பிப் பாக்கணும்?”

“தெருவ,” என்றான் அவன்.

மாதத்தின் கடைசி நாள். விழா முடிந்து பன்றிக் கடைகள் திறந்துவிட்டன, என் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அதனால் வாசனா வாசலுக்கு வந்து, சந்து முனையைப் பார்த்து, “மானோப்! கொஞ்சம் வாங்க,” என்று கூப்பிட்டது தெளிவாகக் கேட்டது. அவன் திருகாணி முடுக்கியைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தான். கணினியைத் திறக்கச் சொல்வாள் என்று நினைத்தானோ என்னவோ. நான் பால் பாத்திரத்தை வாசற்படியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். அது ஏற்கெனவே தேய்த்ததுதான்.

“புதுசு போட்டிரலாம்,” என்றாள். “அதுக்கு முன்னாடி ஒரு மெயில் அனுப்பணும்.”

மானோப்புக்கு யாருக்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. “புதுசு போட்டுட்டு அனுப்பலாமேங்க,” என்றான். “புதுசுல அனுப்பினதத் திரும்ப எடுத்துக்கலாம். மனசு மாறினா அரை நிமிஷம் டைம் குடுக்கும். பழசுல போனது போனதுதான்.”

“அதனாலதான் பழசுல அனுப்பறேன்.”

அவள் உட்கார்ந்தாள். உச்சியில் இருந்த வரியைத் திறந்தாள். பதில் என்பதை அழுத்தினாள். கொக்கு அதன் வழக்கப்படி, ‘2553 ஆகஸ்டில் தவின் எழுதியது’ என்று அடியில் போட்டது. மேலே வெள்ளையாக இடம். ஊருக்கெல்லாம் மடல் எழுதுகிறவள், விரலைத் தூக்கிக்கொண்டு அப்படியே இருந்தாள். ரொம்ப நேரம். மானோப் மரியாதைக்குச் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தான். நான் மரியாதை பார்க்கவில்லை.

ஒரே ஒரு எழுத்து விழுந்தது. ‘வா.’

தாமதத்துக்கு மன்னிப்பு இல்லை, நலமா இல்லை, கீழே பெயர் இல்லை. அனுப்பு என்பதை அழுத்தினாள். போய்விட்டது.

“இப்ப போடுங்க,” என்று எழுந்து நாற்காலியை மானோப்புக்கு விட்டாள்.

அவன் புதிய கொக்கை இறக்கினான். நீலக் கோடு நகர்ந்து முடிந்தது. நிரல் ஒருமுறை மறைந்து மறுபடி வந்தது. உச்சியில் வங்கியின் கடன் விளம்பரம். அதற்குக் கீழே பினாங்கு ரப்பர்காரர். தவினைக் காணோம். வாசனா குனிந்து சக்கரத்தை உருட்டினாள். வருஷங்கள் மேலே ஓடின. நடுவில் எங்கோ நிறுத்தினாள். ஒரு நிலநடுக்க எச்சரிக்கைக்கும் ஒரு செருப்புக்கடைத் தள்ளுபடிக்கும் நடுவில் அந்த வரி, மற்ற வரிகளைப் போலவே மெலிந்து இருந்தது. பக்கத்தில் பதில் போட்டதற்கு அடையாளமாக ஒரு சின்ன அம்புக்குறி.

“முகவரி இல்லன்னா திரும்பி வருமில்ல?” என்றாள்.

“வரும். கொஞ்ச நேரத்துலயே வந்துரும். அப்படி ஒரு பெட்டியே இல்லன்னு.”

இரண்டு பேரும் உச்சி வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மடல் வந்தது. நான் கழுத்தை நீட்டினேன். விமானச் சீட்டுக்காரர். இன்னொன்று வந்தது. அதுவும் அவரே, முதலில் அனுப்பியதில் பிழை என்று. நான் பாத்திரத்தின் அடியையும் தேய்த்து முடித்துவிட்டேன். திரும்பி வரவேண்டிய மடல் மட்டும் வரவில்லை.

“அப்ப போய்ச் சேர்ந்திருச்சா?” என்றாள் வாசனா.

“பெட்டி இருக்குங்க,” என்றான் மானோப். “ஆளு இருக்காரான்னு பெட்டி சொல்லாது.”

அவன் திருகாணி முடுக்கியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். என் பக்கம் பார்க்கவில்லை. “மானோப், பாலு?” என்று கேட்டேன். கேட்காதவன் போல நடந்தான்.

மறுநாள் காலை அவன் பால் குடிக்க வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் நானே ஒரு பையில் பாலைக் கட்டிக்கொண்டு சந்து முனைக்குப் போனேன். அவன் தன் கணினிக்கு முன்னால் இருந்தான். கொக்குக்காரர்களின் பக்கம் திறந்திருந்தது. ‘நீங்கள் கண்ட கோளாறை இங்கே எழுதவும்’ என்று பெரிய கட்டம், உள்ளே ஒன்றுமில்லை. கோடு மட்டும் மின்னி மின்னி நின்றது.

“என்னடா, மறுபடியும் பேரு வரணுமா?” என்றேன்.

“எல்லாம் ஒழுங்கா ஓடுதுக்கா,” என்றான். “எழுதறதுக்கு ஒண்ணும் கிடைக்கல.”

“அப்ப பாலைக் குடி.”

குடித்தான். பாதி குடித்துவிட்டு, “அவங்களுக்கு ஏதாச்சும் வந்துச்சா?” என்று கேட்டான். வரவில்லை என்றேன். அவன் சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்தேன், அப்படி எதுவும் முகத்தில் தெரியவில்லை. “வந்திருக்கலாம்,” என்றான். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது வாசனா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் தெருவைப் பார்த்து நின்று நான் பார்த்ததே இல்லை. எங்கள் சந்தில் வலப்பக்கம் போனால் ரயில் நிலையம், வெளியூர் ஆள் யாரானாலும் அந்த வழியாகத்தான் வரவேண்டும். இடப்பக்கம் மானோப்பின் கடை. அவள் வலப்பக்கம் பார்த்தாள். அப்புறம் இடப்பக்கம் பார்த்தாள். மறுபடி வலப்பக்கம். எந்தப் பக்கம் கூடுதல் நேரம் பார்க்கிறாள் என்று கண்டுபிடிக்க நானும் எவ்வளவோ முயன்றேன்.

“என்ன வாசனா, ரோட்டைக் கடக்கணுமா?” என்றேன்.

“இல்லக்கா,” என்றாள். உள்ளே போகவுமில்லை.